கொழுந்தன் மட்டுப்பாவில் என் பெட்டி

என் கொழுந்தனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, நீ ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறாய் என்று குறைப்படக் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்துதான் பேசப்போகிறேன்.

கொழுந்தன் என்றால் என் கணவரின் தம்பி. குன்னத்துகால் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குக் கீழே ஒரு குழியில் எங்கள் வீடு. எங்களுக்கு மேலே, மேட்டில், அவனுடைய இரண்டு மாடி வீடு. அதற்கும் மேலே ரோடு. ஒரு காலத்தில் ரோட்டிலிருந்து எங்கள் வாசல் வரை ஆட்டோ வந்துகொண்டிருந்தது. பாகம் பிரித்த பிறகு, அந்த வழி தன் பங்கில் விழுந்திருக்கிறது என்று அவன் மதில் கட்டினான். ஆள் நடக்க ஒரு சந்து விட்டான். தாராள மனசு!

மதில் எழும்பிய வருஷத்திலேயே என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆட்டோ மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றது. நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அந்தச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினார்கள். நாற்காலியின் கால் இரண்டு இடத்தில் மதிலில் இடித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். மிச்சத்தை நான் முடித்துக்கொண்டேன். அன்றோடு கொழுந்தனிடம் பேச்சு நின்றது.

கணவருக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாயும் போய்விட்டது. மூளை மட்டும் பழையபடி தெளிவு. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை என்று எனக்குத் தோன்றும். இடது கைப் பெருவிரலால் போனில் எழுத்தெழுத்தாகத் தட்டுவார். ஒரு வரி தட்டப் பத்து நிமிஷம் ஆகும், தட்டி முடிக்கும் முன் போன் கையிலிருந்து நழுவும். காலையிலும் மாலையிலும் துடைத்துவிட ஒரு அம்மாள் வருவாள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அவர் வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் ஜங்ஷனில் இருக்கும் மொபைல் ரிப்பேர் கடை என்னுடையது, அதைத் திறந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அந்த மூன்று மணி நேரத்தில் அவருக்கு என்ன ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். குழிக்குள் செல்போன் ரேஞ்ச் எட்டாது. கேபிள்காரன், போஸ்ட் நட இடம் காட்டுங்கள் என்றான். இடம் யாருடையது? கொழுந்தனுடையது. அவனிடம் போய் நிற்பேனா நான்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேருமே ஹாம் ரேடியோக்காரர்கள், வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிற பொழுதுபோக்குக்காரர்கள். கணவர், அவருடைய தம்பி, நான். கல்யாணமான புதிதில் மூன்று பேரும் சேர்ந்தே பரீட்சை எழுதினோம், சேர்ந்தே லைசென்ஸ் வாங்கினோம். மோர்ஸ் தந்தியில் என் வேகம் அவர்கள் இரண்டு பேரையும் விடக் கூடுதல். அது என் கொழுந்தனுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்று சர்ச் சபையில் சிலர் கேட்டபோது, “மைனிக்கு வேற ஜோலி இல்லல்லா” என்று அவன் அண்ணியான என்னைச் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிறது.

கணவர் நன்றாக இருந்த காலத்தில்தான் இந்தச் சின்ன ரவுட்டர் வேலையைத் தொடங்கினோம். பயணம் போகிறவர்கள் லாட்ஜில் வைஃபைக்காகப் பையில் போட்டுக்கொண்டு போவார்களே, அந்தப் பெட்டி. குளிக்கிற சோப்பு அளவுதான் இருக்கும். செல்போன் சார்ஜரிலேயே ஓடும். விலை மலிவு, கெட்டாலும் வயிறு எரியாது. அதற்குள் கம்பெனிக்காரன் வைத்திருக்கும் மென்பொருளை அழித்துவிட்டு, ஹாம்காரர்கள் எழுதிய வேறொன்றை ஏற்ற வேண்டும். ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும், விளக்கு இத்தனை தரம் மின்னியதும் விட வேண்டும். கை ஒரு நொடி பிசகினால் பெட்டி டெட். அப்படி நான் கொன்றவை இன்னும் கடை டிராயரில் கிடக்கின்றன. ஏற்றிவிட்டால், ஒரு பெட்டி அடுத்ததைத் தானே தேடிப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. நடுவில் செல்போன் கம்பெனி வேண்டாம், கேபிள்காரன் வேண்டாம். கண்ணுக்குக் கண் தெரிகிற உயரத்தில் வைத்தால் போதும்.

உள்ளே இருக்கிற ஆன்டெனா ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டத் திணறும். அதனால் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, போர்டில் ஆன்டெனாவுக்குப் போகிற மயிரிழை வழியைக் கத்தியால் வெட்டி, அந்த இடத்தில் ஒரு கேபிளை சால்டர் செய்து, வெளியே நீள ஆன்டெனா வைத்தேன். போன் போர்டில் இதைவிடப் பொடி வேலை தினமும் செய்கிறவள் நான். மழைக்கு, காலியான பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து அதற்குள் தொங்கவிட்டேன். விலைக்கு வாங்குகிற பெட்டிக்குள் எப்படியாவது தண்ணீர் இறங்கிவிடும். கவிழ்த்த டப்பாவுக்குள் இறங்க வழியே கிடையாது.

மூன்று பெட்டி. ஒன்று வீட்டில், ஒன்று கடையில், நடுவில் ஒன்று கொழுந்தனின் மட்டுப்பாவில். மாடித் தளத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். குழியிலிருந்து பார்த்தால் அந்த மட்டுப்பா தெரியும், ஜங்ஷனிலிருந்து பார்த்தாலும் அது ஒன்றுதான் தெரியும். மதில் வரும் முன்பே கணவர் தன் கையால் வைத்த பெட்டி அது. சண்டைக்குப் பிறகும் அவன் அதை எடுக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல. ஹாம்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: இன்னொருவர் வைத்த கருவியில் கைவைக்கக் கூடாது. மதில் கட்டியவனுக்கும் அந்த ஒரு மானம் இருந்தது. “அது ஹாம் காரியம், இது குடும்பக் காரியம். ரெண்டும் வேறயாக்கும்” என்று சபையில் யாரிடமோ சொன்னானாம்.

கணவரின் இடது கையருகே காலிங்பெல் ஸ்விட்ச் ஒன்றை நீள வயரில் கட்டினேன். அதை அமுக்கினால் வீட்டுப் பெட்டியிலிருந்து மட்டுப்பாப் பெட்டிக்குச் செய்தி போகும், அங்கிருந்து கடைக்கு வரும், கடையில் மணி அடிக்கும். மணி அடித்தால் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஓடுவேன், எட்டு நிமிஷத்தில் வீடு. ஒரு வருஷம் இப்படியே ஓடியது. எந்தக் கம்பெனிக்கும் கைகட்டி நிற்காமல் நானே செய்தது என்று எனக்குக் கர்வம். ஏன் இருக்கக் கூடாது?

போன ஜூனில், இடவப்பாதி மழையோடு தொல்லை தொடங்கியது. காலையில் கடை திறக்கும்போது நன்றாக இருக்கும். பதினோரு மணிக்குப் பார்த்தால் வீட்டு லிங்க் இருக்காது. ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் அங்கிருந்து பார்த்தால் மட்டுப்பாப் பெட்டி பளிச்சென்று பதில் சொல்லும். மறுநாள் ஒன்றும் இராது, அதற்கு மறுநாள் மறுபடியும் போகும். மழை என்றால் ராத்திரியும் போக வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாமா? நான் கடையில் இருக்கிற நேரம் பார்த்து மட்டும் போகிறது. அந்த நேரத்தில் மேட்டு வீட்டில் இருப்பது யார்? கொழுந்தன். அவனுக்குச் சாயங்கால ஷிப்ட். பத்து மணிக்கு மேல் பிளக்கைப் பிடுங்குகிறான், நான் சந்தில் இறங்குவதைப் பார்த்ததும் திரும்பச் செருகுகிறான். எனக்கு நூற்றுக்கு நூறு நிச்சயம்.

அவன் வாசலில் போய்க் கேட்க என் கால் வரவில்லை. ராத்திரி சோறு ஊட்டும்போது கணவரிடம்தான் கொட்டுவேன். “உம்ம தம்பிக்க வேலையாக்கும் இது. பாத்துக்கிட்டே இரும், ஒருநாள் அவனை நான்...” என்று பல்லைக் கடிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தம்பியைச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது என்று நினைத்து, இன்னும் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்வேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவர் தரையில் கிடந்தார். எதையோ எடுக்க எட்டி, சரிந்திருக்கிறார். நெற்றி ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. வேட்டி நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. காயத்தில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. இடது கை ஸ்விட்சைப் பிடித்தபடியே இருந்தது, பெருவிரல் பொத்தான் மேலேயே. கடையில் அன்று காலை முழுக்க மணி அடிக்கவில்லை. எறும்பைத் தட்டிவிட்டேன், தலையை மடியில் எடுத்து வைத்தேன், கத்தினேன். யாரைக் கத்தினேன் என்று கேட்க வேண்டியதில்லை. மேட்டு வீடு வரை கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆராதனைக்குப் போகும் முன் ஹாம்காரர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். நெட் என்போம். நெய்யாற்றின்கரையில் இருக்கும் ஒரு பெரியவர் நெட்டை நடத்துவார். ஒவ்வொருவராக அடையாளக் குறியைச் சொல்லிக் கூப்பிடுவார், நாங்கள் வந்து வணக்கம் சொல்லி, மழை எப்படி, ஆன்டெனா எப்படி என்று பேசிவிட்டுப் போவோம். சொந்தச் சண்டை, அரசியல், மதம், மூன்றும் அங்கே பேசக் கூடாது. எழுதாத சட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்ததும் நான் மைக்கின் பட்டனை அமுக்கினேன்.

“என் வீட்டுக்காரரு மூணு மணிக்கூறு தரையில கிடந்தாரு. எறும்பு அரிச்சு கிடந்தாரு. லிங்க்கை வேணும்னே அணைச்சவன் இப்பம் இந்த நெட்டில கேட்டுக்கிட்டு இருக்கான். அண்ணன் எப்பம் சாவான்னு காத்திருக்கான்.”

பட்டனை விட்டேன். இந்தப் பக்கம் திருவனந்தபுரம் வரை, அந்தப் பக்கம் மார்த்தாண்டம் தாண்டி, இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர், “மோளே, ஸ்வந்தம் வீட்டுக் காரியம் ஏர்ல பறயண்டா” என்று மலையாளத்தில் மெதுவாகத் தடுத்துவிட்டு, அடுத்த குறியைக் கூப்பிட்டார். அடுத்த குறி கொழுந்தனுடையது. அவன் தன் குறியைச் சொன்னான். பிறகு “செவன்ட்டி த்ரீ” என்றான். வாழ்த்துகள் என்று அதற்கு அர்த்தம், விடைபெறும்போது ஹாம்காரர்கள் சொல்வது. வேறு ஒரு சொல் இல்லை, போய்விட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி லிங்க் போனது. அடைமழை, கடைக்கு ஆள் இல்லை. இன்று அவன் வாசலில் போய் நின்று நாலு பேர் பார்க்கக் கேட்டுவிடுவது என்று எழுந்தேன். போகும் முன் கையில் ஆதாரம் இருக்கட்டும் என்று பெட்டிகளின் நிலவரப் பக்கத்தைப் போனில் திறந்தேன். எங்கள் பெட்டிகளுக்குப் பூட்டு, பாஸ்வேர்டு ஒன்றும் கிடையாது. ரேடியோவில் மறைத்துப் பேசக் கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள், அதே பழக்கத்தில் இந்தப் பக்கத்தையும் திறந்தே போட்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மட்டுப்பாப் பெட்டி இல்லை என்று காட்டும் என்று நினைத்தேன். இருந்தது. சிக்னல் முழுசாக இருந்தது.

அந்தப் பெட்டியின் சிக்னல் கடையில் எப்போதும் பாதிக்கு மேல் ஏறாது. மழையில் இன்னும் இறங்கும். அன்று அடைமழையில், பக்கத்திலேயே இருப்பதுபோல் முழுசாக நிற்கிறது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேசைக்கு அடியில் பார்த்தேன்.

மேசைக்கு அடியில் என் நான்காவது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மழையில் மட்டுப்பாப் பெட்டி செத்தால் உடனே மாற்றுவதற்கு ஒன்று தயாராக இருக்கட்டும் என்று நான் செய்து வைத்தது. சோம்பேறித்தனம்! புதிதாக எல்லாவற்றையும் தட்டி ஏற்றாமல், மட்டுப்பாப் பெட்டியின் அமைப்பை அப்படியே நகல் எடுத்து அதில் ஊற்றிவிட்டேன். அதே பெயர், அதே முகவரி. பிறகு அது நாள்கணக்கில் சூடாகாமல் ஓடுகிறதா என்று பார்க்க, ஒன்றுவிட்டு ஒருநாள், கடை திறந்து கொஞ்சம் கழித்துச் சார்ஜரில் செருகிவிடுவேன். ஒரு மணிக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன், அதுவும் அணையும். அது ஓடுகிற நேரமெல்லாம் கடைப் பெட்டிக்கு மட்டுப்பா என்றால் மேசைக்கு அடியில் இருப்பதுதான். அதற்கு என் வீடு தெரியாது. வீட்டிலிருந்து மணிச் செய்தி வந்தால், “வந்தது” என்று கடை சொல்லும் பதில் மேசைக்கு அடியிலேயே முடிந்துவிடும். அந்தப் பதில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கடையில் மணி அடிக்கும், அப்படித்தான் அமைத்திருந்தேன்.

பிடுங்கினேன். வீட்டு லிங்க் வந்தது. செருகினேன், போனது. இன்னும் இரண்டு தரம் செய்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நான்தான் அதைச் செருகினேன். அவர் அங்கே தரையில் கிடந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கும்போது, என் காலுக்குப் பக்கத்தில் இது ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, கடைசியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கோபம்தான் வந்தது. போயும் போயும் அந்தக் கொழுந்தனிடம் நான் தோற்றுவிட்டேனே என்று.

ஆனாலும் போனேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அவன் படி ஏறினேன். வராந்தாவில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“லிங்க் போனது உன் குற்றம் இல்ல. மட்டுப்பாப் பெட்டிக்க பேரிலயே என் கடையில இன்னொரு பெட்டி ஓடியிருக்கு. என் தப்பு. நெட்டில சொன்னதை நெட்டிலயே திருப்பிச் சொல்லுவேன்” என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை.

அவன் பிரஷை வைத்தான். “எனக்குத் தெரியும், மைனி.”

“என்ன தெரியும்?”

“மட்டுப்பாப் பெட்டிக்க பக்கத்தை நானும் பாப்பேன்லா. தன் பேரையே வேற ஒண்ணு சொல்லுதுன்னு அது எழுதி வச்சிருந்து. கடைப் பக்கத்தில இருந்து வருதுன்னும் தெரிஞ்சு. மைனி காப்பி அடிச்சு வச்சிருக்காவன்னு அன்னைக்கே விளங்கிட்டு.”

“என்னைக்கு?”

“மழை தொடங்கின ஆழ்ச்சையில.”

மழை தொடங்கிய வாரம். அவர் விழுவதற்கு மூன்று வாரம் முந்தி.

“எலே, பின்ன ஏன் சொல்லல்ல?”

“நீங்க கேட்டியளா? நாலு வருஷமா என்ன ஒரு மனுசனா நினைச்சு ஒரு வார்த்தை பேசினது உண்டா? பெரிய மெக்கானிக்கு இல்லியா, தானே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்.”

“அவரு தரையில கிடந்தாருலே!”

“லிங்க் விழுந்தது எனக்குத் தெரியும். அண்ணன் விழுந்தது எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். ஷூவைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தான். “நெட்டில ஒண்ணும் சொல்லாண்டாம். அங்க குடும்பக் காரியம் பேசப்பிடாது.”

எனக்கு அவனை அறையக் கை துடித்தது. அறைந்திருப்பேன். ஆனால் படியில் நிற்கும்போது இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தப்பு அவன் பெட்டியில் இருந்து, நான் பார்த்திருந்தால், நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். தட்டுத்தடுமாறி அவன் அவமானப்படுவதைக் கடையில் உட்கார்ந்து ரசித்திருப்பேன். அது தெரிந்ததும் அவன்மேல் வெறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. திரும்பி, சந்து வழியாக இறங்கினேன்.

வீட்டில் கணவர் விழித்திருந்தார். கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். என் தப்பை அரைவாயில் சொன்னேன், கொழுந்தனின் தப்பை வாய்நிறையச் சொன்னேன். “மூணு வாரமாத் தெரியுமாம். வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான், பாவி. கூடப்பிறந்த அண்ணன்னு ஒரு எண்ணம் உண்டா? நான் அறியாம செய்தேன். அவன் அறிஞ்சு செய்தான். எது பெரிய தப்பு? நீரே சொல்லும்.”

அவர் போனுக்காகக் கையை அசைத்தார். எடுத்துக் கொடுத்தேன். தட்டத் தொடங்கினார். ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, அழித்து, மறுபடியும். நான் எழுந்து கஞ்சியைச் சூடு பண்ணி, ஆற்றி, எடுத்துக்கொண்டு வந்தேன். இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் எனக்காகத்தான் சொல்வார் என்று நினைத்தேன். கடைசியில் போனை என் பக்கம் நீட்டினார்.

“அவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. கிடந்தது நான்.”

நான் வாசித்துவிட்டேன் என்று தெரிந்ததும் போனைத் தன் பக்கம் இழுத்து, நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.